படிக்கச் சொன்ன குற்றம்

நூலகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், போன வாரம் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "சார், ஜனங்களைப் படிக்க வைக்கிறது எப்படி?" ஓய்வு பெற்றவனிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டால் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். நானும் உட்காருகிறேன். இதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு நிறையவே உண்டு. ஓர் ஊரையே, ஒரு வீடு பாக்கியில்லாமல், புத்தகம் எடுக்க வைத்தவன் நான். அதன் பலனாக, அந்த ஊரில் ஆசைப்பட்டுப் படித்துக்கொண்டிருந்த ஒரே மனிதரும் படிப்பதை விட்டுவிட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் ஓர் ஊரில் சின்னதாக ஒரு கிளை நூலகம் திறந்து, என்னை அங்கே போட்டார்கள். என் திறமையைப் பார்த்துத்தான் போட்டார்கள் என்று கலசப்பாக்கத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு முன்னால் அந்த உத்தரவை வாங்கியவர்களுக்கெல்லாம் திடீரென்று மூட்டு வலி வந்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. போளூரில் பஸ் ஏறி, மலைமேல் அது நிற்கிற இடத்தில் இறங்கி, அங்கிருந்து நடக்க வேண்டும். முதல் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது என் செருப்பு ஒரு கையிலும் சான்றிதழ்கள் இன்னொரு கையிலும் இருந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் புத்தகம் படிக்கிறவன் இல்லை. தேர்வுக்குப் படித்திருந்தேன், வேலைக்காகப் படித்திருந்தேன், நூலகச் சான்றிதழுக்காகப் படித்திருந்தேன். ஒரு புத்தகத்தை என்னிடம் நீட்டினால் அது எந்த எண்ணின் கீழே, எந்த அடுக்கில் போக வேண்டும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் கோபம் வரும். அது என் வேலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஊரில் முப்பது, முப்பத்தைந்து வீடுகள் இருக்கும். ஊர்க்கவுண்டர், அதாவது ஊருக்குத் தலைவர், தன்னுடைய ஓர் அறையை நூலகத்துக்கு விட்டிருந்தார். இரண்டு பீரோ, ஒரு மேசை, ஒரு பெஞ்சு, நான். வாசகர் என்று சொல்ல ஒருவர்தான் வந்தார். பெயர் பொன்னுசாமி. நாற்பது வயது இருக்கும். ஆடு மேய்ப்பவர், ஒரு துண்டு நிலத்தில் சாமையும் போடுவார். சின்ன வயதில் அடிவாரத்தில் ஒரு பாதிரியார் தோட்டத்தில் வேலை பார்த்தபோது எழுத்துக் கற்றுக்கொண்டாராம். ஆடுகளும் கூடவே வந்துவிடும் என்பதால் உள்ளே வராமல் வாசலிலேயே நிற்பார்.

"சார், கொல கீற புஸ்தகம் எதுனா கீதாங்க?"

"எப்படிப்பட்ட கொலை?"

"எப்பிடி இருந்தா இன்னா சார்? மொத பக்கத்துலயே பொணம் வியுந்துடணும். சும்மா மல, அருவின்னு பேசிக்கினே இருந்தா எனக்கு ஆவாது. அத நானு டெய்லி பாக்கறேன்."

எனக்கு இது பிடிக்கவில்லை. ஒரே வாசகர், அவரும் துப்பறியும் கதை கேட்கிறார். பயனுள்ள நூல்களைத் தந்து அவரை முன்னேற்றுவது என் கடமை என்று நினைத்துத் தேனீ வளர்ப்பு பற்றிய புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"தேன் எடுக்கறது எங்க வேலதான சார். இத தேனீக்குக் குடுங்க. படிச்சிட்டு உஷாரா இருந்துக்கும்."

வேறு வழியில்லாமல் கொலைப் புத்தகங்களையே கொடுத்தேன். பாறைமேல் உட்கார்ந்து படிப்பார். சில சமயம் தனியாகச் சிரிப்பார். ஒரு தடவை கொட்டுகிற மழையில், தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து இரண்டாம் பாகம் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த டாக்டரு மேல எனக்கு ஒரு சந்தேகம் சார், உங்களுக்கு?" என்றார். எனக்கு எந்த டாக்டர் என்றே தெரியாது. "எனக்கும்தான்" என்று சொல்லி வைத்தேன்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஆள் வராத கிளைகளை மலையிலிருந்து எடுத்து அடிவாரத்துக்கு மாற்றப் போகிறார்களாம். என் வேலை அப்போது தற்காலிகம். கிளை போனால் நானும் போவேன் என்று பயந்தேன். நேராக ஊர்க்கவுண்டரிடம் ஓடினேன். அவர் என்னைவிட நாலைந்து வயதே மூத்தவர், எதையும் நின்ற இடத்திலேயே முடிவு செய்கிறவர்.

"ஊர்ல எல்லாரும் புத்தகம் எடுத்தாத்தான் நூலகம் இங்க நிக்கும் கவுண்டரே" என்றேன்.

"அவ்ளோதானங்க? ரோட்ல மண்ணு சரிஞ்சா வூட்டுக்கு ஒரு ஆளு வர்றான் இல்ல? அதே மாதிரி வூட்டுக்கு ஒரு புஸ்தகம். கட்டு வெச்சிட்றேன்."

கட்டு என்றால் ஊர் கூடி, அம்மன் முன்னால் சூடம் கொளுத்திப் போடுகிற விதி. மீறினால் தண்டம் உண்டு. அன்று மாலையே ஊர் கூடியது. நான் எழுந்து வாசிப்பின் பெருமையைப் பற்றிப் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று அப்போது நினைத்தேன். நான் முடித்ததும், தனியாக வாழ்ந்த குப்பம்மா என்ற பெண் கேட்டார்: "எனக்கு எழுத்தே தெரியாதே, நானு இன்னாத்த படிக்கறது?"

கவுண்டர் யோசிக்கவே இல்லை. "ரோட்டு வேலைக்கு உன் வூட்ல ஆம்பள இல்லன்னா இன்னா பண்ற? பக்கத்து வூட்டு ஆள வுட்டு செஞ்சிட்டு, பதிலுக்கு அவன் கொல்லையில களை எடுத்துக் குடுக்கற இல்ல? அப்பிடித்தான் இதுவும்."

மாதத்துக்கு ஒரு புத்தகம். படிக்காத வீடு அம்மன் பொங்கலுக்கு ஒரு படி சாமை தண்டம் தர வேண்டும். சூடம் எரிந்தது. எல்லோரும் தொட்டுக் கும்பிட்டார்கள். நான் மட்டும் கை தட்டினேன்.

விளைவு உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை. பிள்ளைகள் அப்போதுதான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் நானும் வெளியூர்க்காரர்கள், ஊர்க்கட்டில் சேர்த்தி இல்லை. முழுப் புத்தகம் படிக்கத் தெரிந்தவர் பொன்னுசாமி ஒருவர்தான். ஆக, ஊரிலிருந்த அத்தனை வீட்டுப் படிப்பும் அவர் தலையில் வந்து விழுந்தது. பதிலுக்கு ஊரே அவருடைய சாமைக் கொல்லையில் களை எடுத்தது, அவர் ஆட்டுப்பட்டிக்கு முள்வேலி கட்டியது, அவர் வீட்டுக்கு விறகு பிளந்து கொடுத்தது.

அவர் நினைத்திருந்தால் படித்ததாகச் சொல்லி ஏமாற்றியிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அம்மன் முன்னால் வைத்த கட்டாயிற்றே. யார் வீட்டுப் புத்தகமோ அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாய்விட்டுப் படித்தார். நானோ, ஊர் முன்னேற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், பயனுள்ள நூல்களாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் குப்பம்மா வீட்டைக் கடந்து போனேன். பொன்னுசாமி கோழி வளர்ப்பு பற்றிச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். குப்பம்மா உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். உலக்கைச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் யார் காதிலும் விழவில்லை.

"எங்க வூட்டுது ஆச்சா?"

"இன்னும் கொஞ்சம் கீது."

"சீக்கிரம் முடிப்பா. நாளைக்கு உன் கொல்லைக்கு வர்றேன்."

பூசாரி மந்திரம் சொல்வதுபோல இருந்தது. இதைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். நம்மால் எப்படிப்பட்ட மாற்றம் என்று நெஞ்சு விரிய நடந்து போனேன். அந்த மாத அறிக்கையைப் பார்த்து மேலிடம் மூக்கின்மேல் விரல் வைத்தது. வேலூரில் நடந்த கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். மலை மக்களின் வாசிப்பு ஆர்வம் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் நாற்பது நிமிஷம் பேசினேன். இந்த அதிசயத்தை நேரில் பார்க்க அடுத்த மாதம் வருவதாக ஆய்வு அதிகாரி சொன்னார்.

மலைக்குத் திரும்பிய சில நாளில் பொன்னுசாமி வந்தார். முதல் முறையாக ஆடு இல்லாமல் வந்தார், முதல் முறையாக உள்ளே வந்தார். கட்டு வைப்பதற்கு முன்னால் தனக்காக எடுத்துப் போன கொலைப் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தை மேசைமேல் வைத்தார். நடுவில் ஒரு புங்க இலை அடையாளமாகச் சொருகியிருந்தது.

"இத எடுத்துக்கோங்க சார். போதும்."

"முடிச்சாச்சா?"

"இல்லீங்க. பாதில கீது."

"யார் கொன்னதுன்னு தெரிய வேண்டாமா?"

"யாரு கொன்னா இன்னா சார்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "எழுத்தப் பாத்தாலே இடுப்பு நோவுது. களை வெட்டற மாதிரியே கீது. கட்டு கீற வரைக்கும் ஊருக்குப் படிச்சிப் போட்டுட்றேன். எனக்குன்னு எதுவும் வாணாங்க."

அவர் போன பிறகு அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழையில் ஓடிவந்த மனிதர் இவர். டாக்டர்மேல் சந்தேகப்பட்டவர். எனக்குத் துக்கமாக இருந்தது. அந்த மலையில் ஒருவரிடம் இருந்த ஒரு சந்தோஷத்தை, எனக்குப் புரியவே புரியாத ஒரு சந்தோஷத்தை, நான் தேடிப் போய்க் கெடுத்திருக்கிறேன். அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

கட்டை எடுத்தால் கணக்கு விழும். கணக்கு விழுந்தால் கிளை போகும், ஒருவேளை என் வேலையும் போகும். அதிகாரி வந்து போகிற வரைக்கும் பொறுக்கலாமா என்று யோசித்தேன். ஒரு நாள் முழுக்க யோசித்தேன், பெருந்தன்மையோடு ஒன்றும் முடிவு செய்யவில்லை. மறுநாள் காலை பொன்னுசாமி ஒரு வீட்டு வாசலில் காசநோய்த் தடுப்பு முறைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்க முடியாமல்தான் கவுண்டரிடம் போனேன்.

"கட்டை எடுத்துடுங்க" என்றேன்.

கவுண்டர் முகம் மாறியது. அதுவரை 'ங்க' போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர் அதைக் கழற்றி வைத்துவிட்டார். "நீ கேட்டன்னுதான் வெச்சோம். இப்போ நீயே வாணாங்கற. ஊரு இன்னா உனக்கு வெளயாட்டா? கட்ட அவுக்கணும்னா, அத வெக்கச் சொன்னவன் ஊரு கால்ல வியுந்து, தப்பு இன்னான்னு வாயால சொல்லணும். அதான் வழி."

விழுந்தேன் ஐயா. வேலூர்க் கூட்டத்துக்காக வாங்கிய வெள்ளைச் சட்டையோடு, ஆட்டுப் புழுக்கைகளுக்கு நடுவில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். முப்பது வீட்டு ஜனமும் சுற்றி நின்றது.

"இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லு" என்றார் கவுண்டர்.

என்ன சொல்வது? எப்படி எப்படியோ சுற்றி வளைத்துப் பார்த்தேன். கவுண்டர் விடவில்லை, பட்டென்று சொல்லச் சொன்னார். கடைசியில் மண்ணில் மூக்கு பட, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "படிக்கச் சொன்னது தப்பு."

சம்பளம் வாங்குகிற நூலகர் வேறு எவராவது இப்படிச் சொல்லியிருக்கிறாரா என்று நீங்கள்தான் விசாரித்துச் சொல்ல வேண்டும். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குப்பம்மா மட்டும் கவலையாகக் கேட்டார்: "அப்போ இனிமே படிச்சா தண்டமா?"

"படிச்சாலும் தண்டம் இல்ல, படிக்காட்டியும் தண்டம் இல்ல" என்றார் கவுண்டர். "அவங்கவங்க இஷ்டம். எந்திரி சார், போதும்."

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன். நூலகங்களின் சுவரில் நாம் எத்தனையோ வாசகங்களை எழுதி வைக்கிறோம். எனக்கு அதிகாரம் இருந்திருந்தால் கவுண்டர் சொன்ன அந்த வாசகத்தைத்தான் எழுதியிருப்பேன். இருந்திருந்தால் என்றுதான் சொல்கிறேன், கடைசி வரைக்கும் எனக்கு அப்படி ஒரு அதிகாரம் வரவில்லை.

மறுநாளே நூலகம் வெறிச்சோடியது. பொன்னுசாமியும் வரவில்லை. பாறைமேல் சும்மா உட்கார்ந்து ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே நாட்கள் போய், அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். வாசிப்பு ஆர்வத்தைப் பார்க்க வந்தவர், காலி பெஞ்சைப் பார்த்தார். வெளியே போய் ஜனங்களிடமே விசாரித்தார்.

"புத்தகம் எடுக்கறீங்களாம்மா?"

"இல்லீங்களே" என்றார் குப்பம்மா. "படிக்கச் சொன்னது தப்புன்னு சாரே கால்ல வியுந்துட்டாருங்களே."

அதிகாரி மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை ஓய்வு பெற்ற பிறகும் சில சமயம் நினைத்துக்கொள்கிறேன். நடந்ததை அப்படியே சொன்னேன். பொய் சொல்லியிருப்பேன், நல்ல பொய் எதுவும் அந்த நேரத்தில் வரவில்லை. "அப்போ இந்த ஊர்ல ஒரு வாசகர்கூடக் கிடையாதா?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து, ஜீப்பை வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து பொன்னுசாமி என் அருகில் வந்தார். காதோரம் மெதுவாகச் சொன்னார்: "சார், உங்க வேல போய்டப் போவுது. வோணும்னா நானு போய் பெஞ்சில குந்தி படிக்கறேன். அந்த ஆளு போற வரைக்கும்."

தம்பிகளே, தங்கைகளே, அவர் உட்கார்ந்திருந்தால் போதும். அதிகாரி நல்லவர், ஒரு ஆள் இருந்தாலே போதும் என்றுதான் அவரும் தேடிக்கொண்டிருந்தார். எனக்குத் தொண்டை வரைக்கும் 'சரி' வந்துவிட்டது. பொன்னுசாமி முகத்தைப் பார்த்தேன். ரோட்டு வேலைக்குக் கிளம்புகிற ஆளின் முகம். இன்னும் ஒரு தடவை எனக்காக இவர் எழுத்தைக் களை வெட்டினால், பிறகு வாழ்நாளில் புத்தகத்தின் பக்கமே திரும்ப மாட்டார் என்று தோன்றியது.

"வேண்டாங்க பொன்னுசாமி. நீங்க ஆட்டைப் பாருங்க" என்றேன். சொன்ன கையோடு, அதிகாரி அதைக் கேட்டுவிட்டாரா என்று திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வீரக்கதையாக நினைத்துவிடப் போகிறீர்கள்.

கிளையை மூடி அடிவாரத்துக்கு மாற்ற உத்தரவு வந்தது. என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை, போளூருக்கு அனுப்பினார்கள். வேலை நிரந்தரமாவது மட்டும் சில வருஷம் தள்ளிப்போனது. நூலகத்தை ஏற்றிப் போக ஜீப் வந்த அன்று, நானும் டிரைவரும் புத்தகங்களைச் சாக்கு மூட்டைகளில் கட்டி ஏற்றிவிட்டோம். மழை வருவதுபோல இருந்ததால் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார்.

பொன்னுசாமி பாறைச் சரிவில் இறங்கி வருவது தெரிந்தது. வழியனுப்ப வருகிறார் என்று நினைத்து, கண் கலங்கத் தயாராக நின்றேன்.

"சார், அந்தப் புஸ்தகம் மூட்டைக்குள்ள பூட்ச்சாங்க?"

"எது?"

"பாதில வெச்சிட்டு வந்தனே. நேத்து ஆடு மேய்க்கறப்ப தோணிச்சி, அந்த டாக்டரா இருக்காது சார். அவன் பொண்டாட்டியா இருக்கும். ராத்திரில்லாம் அதே நெனப்பு." கொஞ்சம் வெட்கப்பட்டார். "உங்களுக்கு சிரமம்னா வாணாங்க."

ஜீப்பில் ஏற்றிய மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினேன். டிரைவர் என் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். நான் வகை பிரித்து அடுக்குவதில் கெட்டிக்காரன் என்று ஆரம்பத்தில் பெருமை அடித்தேன் அல்லவா, அன்று அவசரத்தில் எல்லாவற்றையும் கலந்து கட்டியிருந்தேன். கோழி வளர்ப்பு வந்தது, காசநோய் வந்தது, தேனீ வந்தது. கடைசி மூட்டையில்தான் அது கிடைத்தது. இலை காய்ந்து அப்படியே இருந்தது.

கொடுத்தேன். திருப்பித் தர வேண்டிய தேதி எதையும் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. காலியான நூலகத்தின் வாசல்படியில் உட்கார்ந்து, இலை இருந்த இடத்தைப் பிரித்தார். நாங்கள் எல்லாவற்றையும் திரும்ப மூட்டை கட்டினோம், திரும்ப ஏற்றினோம். அவருடைய ஆடுகள் வந்து ஜீப்பின் சக்கரத்தை முகர்ந்துவிட்டுப் போயின.

"பொன்னுசாமி, போய்ட்டு வர்றேங்க" என்றேன்.

கேட்கவில்லை போல என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஜீப் கிளம்பியதும் வெளியே எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. எச்சில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.